டுலூத்தில் வடித்த கண்ணீர்

அமெரிக்காவில் தம்பி வீட்டுக்குப் போய்த் திரும்பியிருந்த ஸ்ரீஸ்கந்தராசா, பாரிஸின் லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து மகள் சுபாங்கிக்குக் கைபேசியில் படம் காட்டிக்கொண்டிருந்தார்.

“இது டுலூத் துறைமுகம். கப்பல் வந்தால் பாலம் அப்பிடியே மேலை எழும்பும். இது எப்பவோ ஒரு பணக்காரக் கிழவியைக் கொலை செய்த மாளிகை. இதுதான் அந்த மூண்டு கறுப்புப் பெடியளின்ரை சிலை. நூறு வருசத்துக்கு முன்னம், செய்யாத குற்றத்துக்கு ஊரே திரண்டு விளக்குக் கம்பத்திலை தூக்கிலை போட்டதாம். தோல் நிறத்தைப் பாத்து! நான் அதிலை நிண்டு அழுதிட்டன், பிள்ளை.”

இரண்டு வருடமாக மறைத்து வைத்திருந்ததைச் சொல்லச் சுபாங்கிக்குத் தைரியம் வந்தது.

“அப்பா, நான் ஒருத்தரை விரும்புறன். நீங்கள் ஏற்க மாட்டியளோ எண்டு பயம்.”

அவர் சிலைப் படத்தை ஒருமுறை பார்த்தார். “கறுப்புப் பெடியனோ?”

“அப்பிடியெண்டால்?”

“எண்டால் என்ன? அவனும் மனுசன்தானே! நாளைக்கே கூட்டிக்கொண்டு வா.” பக்கத்து மேசைக்கும் கேட்கும்படியாகவே சொன்னார்.

“இல்லையப்பா, தமிழ்தான். உங்கட ஊர்தான்.”

“அட, அதை முதலே சொல்லுறதுக்கென்ன! ஆரின்ரை பெடியன்?”

“ஐங்கரன். குளத்தடிச் சிவமணியின்ரை மகன்.”

அவர் குரல் சட்டென்று இறங்கியது. “அந்தச் சாதியை நாங்கள் வீட்டுப் படியேத்திறதில்லை எண்டு தெரியாதோ?”

சுபாங்கி கைபேசியிலிருந்த சிலைப் படத்தை அவர் பக்கம் திருப்பினாள்.

அவர் கிட்டக் குனிந்து, கெஞ்சுவதுபோல் கேட்டார்: “உனக்கு ஒரு கறுப்புப் பெடியன் கிடைக்கேல்லையோ, பிள்ளை?”