பல் தடம்

"கடிச்சது யாருன்னு எனக்கு இப்பவே தெரிஞ்சாகணும்!"

பல் டாக்டர் போட்ட சத்தத்தில், காப்பகத்தில் உருண்டு புரண்டுகொண்டிருந்த குழந்தைகள் அத்தனையும் விளையாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தன.

அவள் இடுப்பில் அவளுடைய பதினாலு மாதப் பையன். வாண்டு என்று கூப்பிடுவார்கள். இடது முன்கையில் சிவப்பாக ஒரு வட்டம்.

"பல்லு முளைக்கிற சமயம், டாக்டரம்மா. ஈறு ஊறலெடுக்கும். எது கிடைச்சாலும் கடிக்கும்ங்க," என்றாள் காப்பகம் நடத்தும் அக்கா. பிள்ளைகளை விட்டுப் போகிற எல்லாருக்குமே அவள் அக்காதான்.

"எது கிடைச்சாலும்னா? என் பிள்ளை கை என்ன பிஸ்கட்டா?"

"கோவிச்சுக்காதீங்க. எந்தக் குழந்தை பேரையும் இன்னொரு அம்மாகிட்ட நான் சொல்றதில்லை."

"நீங்க சொல்லவே வேண்டாம்." டாக்டர் பையனின் கையை வெளிச்சத்தில் திருப்பினாள். "மேல நாலு, கீழ ரெண்டு. மேல் நடுப்பல்லு ரெண்டுக்கும் இடையில நல்ல சந்து. பன்னிரண்டு வருஷமா அடுத்தவங்க வாய்க்குள்ளதான் என் பொழப்பு. நானே கண்டுபிடிக்கிறேன்."

மறுநாள் சாயங்காலம் சின்ன டார்ச்சோடு வந்து காப்பக வாசலில் நின்றாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும் ஒவ்வொருவரையும் நிறுத்தினாள்.

"வாயைக் காட்டச் சொல்லுங்க. பல்லு எப்படி வருதுன்னு சும்மா பார்த்துடறேன். இலவசம்தான்."

இலவசம் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? ஆறு வாய் பார்த்தாயிற்று. ஒன்றில் எட்டுப் பல். ஒன்றில் ரெண்டே ரெண்டு. ஒன்று அவள் விரலையே பதம் பார்த்தது. அந்தத் தடமும் ஒத்துப்போகவில்லை.

ஏழாவதாக வந்தாள், மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். தோளில் மகள், பாப்பா.

"பாப்பாவுக்கும் பார்த்துடலாமா?"

"வேணாங்க. அவ அழுவா." மகளின் முகத்தைத் தோளோடு சாய்த்துக்கொண்டாள்.

"மத்தவங்க எல்லாம் காட்டினாங்களே."

"இருக்கட்டுங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

நிற்காமல் போய்விட்டாள். டாக்டருக்கு அது போதும். அங்கேயே நின்று கணவனுக்குப் போன் போட்டாள்.

"குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க? வாயைத் திறக்க விடமாட்டேங்கிறா!"

"விடும்மா. குழந்தைதானே."

"குழந்தையை நான் ஒண்ணும் சொல்லல. வளர்ப்பைச் சொல்றேன். தாயைப்போல பிள்ளை!"

அடுத்த நாள் ஒரு காகிதம் தயாரானது. 'கடிக்கும் குழந்தையை உடனே நீக்க வேண்டும்.' ஆறு அம்மாக்களின் கையெழுத்து, எல்லாவற்றுக்கும் மேலே டாக்டருடையது.

"வெள்ளிக்கிழமையோட அந்தப் பாப்பா நின்னாகணும்க்கா. இல்லேன்னா நாங்க ஏழு பேரும் நின்னுக்கறோம்."

அக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவங்களுக்கு வேற போக்கிடம் இல்லைங்க. பிள்ளையை விட இடமில்லேன்னா வேலையை விடணும்."

"அதுக்காக என் பிள்ளை கையைக் கடிக்கக் குடுக்கணுமா? சரி, உங்களுக்கு ஆதாரம்தானே வேணும்? வெள்ளிக்கிழமை நானே காட்டறேன்."

வெள்ளிக்கிழமை மூன்று நோயாளிகளைத் தள்ளிப்போட்டுவிட்டு, அரை மணி முன்னதாகவே வந்தாள். உள்ளே போகவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே, போனில் கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே மருந்துக்கடைக்காரி மண்டியிட்டு, மகளுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். வாண்டு தத்தித் தத்தி வந்தான். பாப்பாவைக் கட்டிக்கொண்டான். அவள் கையில் வாயை வைத்தான்.

பாப்பா வீலென்று அலறினாள்.

மருந்துக்கடைக்காரி பதறவில்லை. பழகிய கை. வாண்டுவின் கன்னத்தை ரெண்டு பக்கமும் மெல்ல அழுத்தி வாயைத் திறந்தாள். பையிலிருந்து ஒரு ரப்பர் வளையத்தை எடுத்து அவனிடம் கொடுத்தாள்.

"இதைக் கடிடா கண்ணா. எவ்வளவு வேணா கடி."

அப்புறம்தான் மகளின் சட்டைக் கையைச் சுருட்டினாள். உள்ளே நாலைந்து வட்டங்கள், பழசும் புதுசுமாக. எல்லாவற்றிலும் மேல் நடுவில் ஒரு சந்து.

டாக்டரின் கையில் போன் தன்பாட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தது.

"அப்போ... வாண்டு கையில இருந்தது?"

பின்னால் வந்து நின்ற அக்கா மெதுவாகச் சொன்னாள். "அன்னிக்குத் தூங்கி எழுந்தப்போ தொட்டில்ல தனியாத்தான் இருந்தான். கடிக்க வேற யாரும் கிடைக்கல."

"ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"நீங்க காகிதத்தோட வந்தப்போ சொல்லிடறேன்னுதான் பாப்பாவோட அம்மாகிட்ட சொன்னேன். விடல. 'வேலைக்குப் போற அம்மாவுக்கு மனசுக்குள்ள ஏற்கெனவே ஆயிரம் குத்தல். இது வேறயா? பல்லு வந்துட்டா நின்னுடும்'னாங்க."

"அன்னிக்குப் பாப்பா வாயைக் காட்டியிருந்தா, தான் தப்பிச்சிருப்பாளே!"

"காட்டியிருந்தா, பார்க்காம மிச்சம் ஒரே ஒரு வாய்தானே இருந்திருக்கும் டாக்டரம்மா?"

டாக்டர் போனை அணைத்தாள். அக்கா நீட்டிய காகிதத்தைக் கசக்கிக் கைப்பைக்குள் திணித்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

பாப்பா இன்னும் தேம்பிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா... ஏன் அழறா?" அவ்வளவுதான் வந்தது அவள் வாயில்.

மருந்துக்கடைக்காரி அவசர அவசரமாக மகளின் சட்டைக் கையை இறக்கிவிட்டாள்.

"ஒண்ணுமில்லைங்க. வாண்டு முத்தம் குடுத்தான். அதுக்குப் போய் அழறா."