பசியெடுக்காத கிருமிகள்

"இதுவும் அப்படியேதான் இருக்கு, சார்!"

சேற்றிலிருந்து இடுக்கியால் எடுத்த சிவப்புப் பிளாஸ்டிக் துண்டைக் கோகிலா குழாயடியில் அலசினாள். சேறு போனதும், பாசார் கடையில் தொங்கும் புது மேசை விரிப்பைப் போல அது பளபளத்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காஜா பேராங் வட்டாரச் சாக்கடையில் பிளாஸ்டிக்கைத் தின்னும் கிருமி இருக்கிறது என்று அடித்துச் சொல்லி, ஆறாம் படிவம் முழுக்கக் கேலிக்கு ஆளானவள் அவள். அங்கே கிடந்த பிளாஸ்டிக் மேசை விரிப்பு அரித்துப்போயிருந்ததைக் கண்ணால் பார்த்தவளாயிற்றே! அந்தச் சேற்றை அள்ளிப் போத்தல்களில் அடைத்து, ஒவ்வொன்றிலும் அதே வகைப் புது விரிப்பில் வெட்டிய ஒரு துண்டைப் புதைத்து வைத்தாள். கோலாலம்பூர் அறிவியல் கண்காட்சிக்குத் தேர்வானால் உபகாரச் சம்பளம் உண்டு. அது கிடைக்காவிட்டால் பல்கலைக்கழகத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

மாதம் ஒருமுறை, அறிவியல் ஆசிரியர் ராஜரத்தினம் சார் முன்னால்தான் போத்தலைத் திறக்க வேண்டும். அவர் பார்வையில் தூசி பட்டாலும் போச்சு, ஆய்வுக்கூடமே அதிரும். அதனால் ஊழியர் கலியாணசுந்தரம் முந்தின நாளே எல்லாவற்றையும் துடைத்து அடுக்கிவிடுவார். அவர் பொறுப்பில் கீறல் விழுந்த பீக்கர்கூட மறுநாள் புத்தம்புதிதாக மாறிவிடும்.

"நாட்டுக்குச் சுதந்திரம் கிடைச்சே மூணு வருஷமாச்சு. உன் கிருமிக்கு இன்னும் பசியெடுக்கலையே!" என்று சிரித்தார் சார். "போதும். உன் வகுப்புக் கருணாகரன் செஞ்ச மின்காந்தத்தையே கண்காட்சிக்கு அனுப்புறேன். நீ எல்லாத்துலயும் சுடுதண்ணி ஊத்திக் கொட்டிட்டு, போத்தலைக் காலி பண்ணு."

"இன்னும் ஒரு மாசம் மட்டும், சார்..."

"கண்காட்சி உனக்காகக் காத்திருக்குமா?"

சார் போய்விட்டார். கோகிலா கொதிக்கும் கெண்டியைத் தூக்கினாள். ஆத்திரம் தீர ஒவ்வொரு போத்தலிலும் ஊற்றினாள். மறுபடி சேறு அள்ளவும் வழியில்லை. நகராட்சிக்காரர்கள் போன வாரம்தான் அந்தச் சாக்கடையைச் சிமெண்டு போட்டு மூடியிருந்தார்கள்.

கடைசிப் போத்தலைக் கவிழ்த்தபோது அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கலியாணசுந்தரம் பதறி ஓடி வந்தார்.

"ஏம்மா அழுவுறே? சார் ஏசிட்டாரா? எல்லாம் நல்லாத்தானே இருந்துச்சு! ஒண்ணுகூடக் கெட்டுப்போகலையே!"

"கெட்டுப்போகணும்ண்ணே! அரிக்கணும், ஓட்டை விழணும்! அதுக்குத்தானே இத்தனை மாசமா இந்தச் சேத்தைக் கட்டிக்கிட்டு அழுதேன்!"

கலியாணசுந்தரத்தின் கையிலிருந்த துடைக்கும் துணி நழுவித் தரையில் விழுந்தது.

"அய்யய்யோ... ஓட்டை விழுந்ததையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு, மாசாமாசம் மிச்ச விரிப்புல புதுசு வெட்டி வச்சது நான்தானேம்மா!"