கடலைப் பாரு

மலை உச்சியில் இருந்த தொலைநோக்கியை அவன் ஊர்ப் பக்கம் திருப்பினான்.

“கடலப் பாருடா, கப்பல் போகுது,” என்று நண்பன் அதை இழுத்துத் திருப்பினான்.

காலையிலிருந்து கோட்டை, கலங்கரை விளக்கம், கேபிள் கார் என்று நண்பர்கள் இருவரும் அவனை விடாமல் சுற்றிக்காட்டினார்கள். மூன்று தடவை பாட்டிலை நீட்டியும் அந்த மொடாக்குடியன் தொடவில்லை.

“என் போன் அடிச்சுதா?” என்று, அதை வாங்கி வைத்திருந்த நண்பனிடம் கேட்டான்.

“இல்லடா.”

தொலைநோக்கியைத் திருப்பி மறுபடியும் ஊரைப் பார்த்தான். கீழே கல்யாண மண்டப வாசலில் அவன் மகள் மணக்கோலத்தில் நின்றாள்.

“குடிச்சிட்டு வந்து மானத்த வாங்குவேன்னு என் பொண்டாட்டிதானே உங்கள ஏவிவிட்டா? சொட்டுகூடத் தொட மாட்டேன்னு பொண்ணுகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன். அவ கூப்பிடுவா பாரு.”

நண்பன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. “தங்கச்சி ஒண்ணும் சொல்லலடா. எங்கள அனுப்புனதே உன் பொண்ணுதான்.”

அவன் தொலைநோக்கியைக் கடல் பக்கம் திருப்பிவிட்டுக் கையை நீட்டினான்.

“பாட்டில எடு.”