மாமாவின் ஜாக்கெட்டைப் போல் ஒன்று

நான் ஒன்றும் திருடி இல்லை. திருடி என்றால் இப்படியா வியர்த்து வழிவாள்?

கொட்டாஞ்சேனையில், தோல் சாமான் தைக்கும் ஸவாஹிரின் கடையில், மடியில் துணிப்பையோடு உட்கார்ந்து நாச்சம்மை தனக்குத்தானே வாதாடிக்கொண்டிருந்தாள். வக்கீலும் அவளே, நீதிபதியும் அவளே. அப்படியிருந்தும் தீர்ப்பு அவள் பக்கம் சாயவில்லை.

பைக்குள் இருந்தது மாமனார் ஞானசம்பந்தத்தின் பழைய தோல் ஜாக்கெட். இரத்தினக்கல் வியாபாரம் செய்த காலத்தில் அதைப் போட்டுக்கொண்டுதான் அவர் மோட்டார் சைக்கிளில் இரத்தினபுரிக்குப் போய்வருவார். முதுகுப் பக்கத்து உள்துணிக்குள் ஏழு இடத்தில் கெட்டியாக ஏதோ தட்டுப்படும். அது என்னவென்று அவர் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. "நான் இருக்கிற வீட்டிலதான் என் ஜாக்கெட்டும் இருக்கும்" என்று மட்டும் அடிக்கடி சொல்வார். சொன்ன கையோடு நாச்சம்மை இன்னொரு பிளேன்டீ கொண்டுவந்து வைப்பாள்.

ஏழு வருடப் பிளேன்டீ. வெந்நீர், கால் பிடிப்பது, பேப்பரை உரக்க வாசித்துக் காட்டுவது வேறு. மருமகள் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று கோயிலில் நாலு பேர் சொன்னபோது, அவளும் கண்ணைத் தாழ்த்தி அதை வாங்கிக்கொண்டாள். அந்த ஏழு கல்லையும் விற்று, வெள்ளவத்தையில் சொந்தமாக ஒரு வீடு வாங்கி, பால் காய்ச்சி, அந்த விசேஷத்துக்கு மச்சாள் சிட்டாளை அழைக்காமலும் விட்டிருந்தாள். எல்லாம் மனதுக்குள்தான்.

இப்போது வத்தளையிலிருக்கும் அந்தச் சிட்டாளுக்குத் திடீரென்று தகப்பன்மேல் பாசம் பொங்கிவிட்டது. சனிக்கிழமை வேன் பிடித்து வந்து, இனித் தன்னோடேயே வைத்துக்கொள்ள அவரைக் கூட்டிப்போகிறாளாம். அவரோடு ஜாக்கெட்டும் போய்விடும்.

எனவே இந்தத் திட்டம். "பூஞ்சணம் பிடிச்சிருக்கு மாமா, துடைக்கக் குடுத்திட்டு வாறன்" என்று காலையில் பொய் சொன்னாள். மாமா ஏன், எதற்கு என்று கேட்காமல் ஜாக்கெட்டை எடுத்துக் கொடுத்துவிட்டார். அடுத்தது சோதனைச் சாவடி. சிப்பாய் ஜாக்கெட்டின் முதுகை அழுத்திப் பார்த்து, "மே மொனவத?" என்றான் சிங்களத்தில், இது என்னவென்று. "பொத்தம், மாத்தயா" என்று, பொத்தான் என அடுத்த பொய்யையும் சொல்லி, கைப்பையிலிருந்த பொத்தான் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினாள். போட்டுக் காட்டச் சொன்னான். சேலைக்கு மேல், கொழும்பு வெயிலில், தோல் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு அவள் நின்ற கோலத்தைக் கண்டு அவனே சிரித்துப் போகவிட்டான்.

"இதே மாதிரி ஒண்டு வேணும் நானா. வெள்ளிக்கிழமைக்குள்ள," என்றாள் ஸவாஹிரிடம், அண்ணன் முறை வைத்து.

"ஆருக்கு?" என்றார் ஸவாஹிர்.

"மகனுக்கு."

"மகனுக்கெண்டா நல்ல ஸ்டைலா செஞ்சு தாறேன்."

"இல்ல, பழசாத் தெரியணும். முழங்கை தேஞ்சிருக்கணும். இடது கையில சிகரெட் சுட்ட ஓட்டை இருக்கு பாருங்க, அதுவும் வேணும்."

ஸவாஹிர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "ஓட்டைக்கு வேற கூலி எடுக்கிறதில்ல."

நாச்சம்மை பொட்டலத்தை மேசையில் கொட்டினாள். ஏழு கறுப்புக் கோட்டுப் பொத்தான்கள். "இதையும் முதுகில உள்துணிக்குள்ள வெச்சுத் தைக்கணும். அசல்ல எங்கெங்க தட்டுப்படுதோ அங்கங்க. அசலை மட்டும் பிரிச்சிடாதீங்க. வெள்ளவத்தையில ஆருக்கும் தெரியக்கூடாதுன்னுதான் இவ்வளவு தூரம் வந்தேன்."

ஸவாஹிர் பொத்தான்களைப் பார்த்தார். ஜாக்கெட்டைப் புரட்டி, உள்துணித் தையலை விரலால் தடவினார். பிறகு கத்தரிக்கோலை எடுத்து அதைச் சரசரவென்று பிரித்தார்.

"ஐயோ, நானா!"

மேசையில் உதிர்ந்தவை ஏழு. ஏழும் கறுப்புக் கோட்டுப் பொத்தான்கள். அவள் வாங்கி வந்தவற்றுக்கு அண்ணன்மார் போல.

மனதுக்குள் கட்டிய வீடு பாலோடு சேர்ந்து கவிழ்ந்தது. போன தைப்பொங்கலுக்கு மாமா பத்து நாள் வத்தளையில் இருந்தாரே! "சிட்டாள்! திருடி!" என்று பல்லைக் கடித்தாள். தனக்கு வந்த யோசனை அவளுக்கு முதலிலேயே வந்துவிட்டதே என்பதுதான் அதிகம் வலித்தது. "இதைக் கொண்டுவந்தது ஒரு பொம்பளைதானே? உயரமா, சிவப்பா?"

"பொம்பள இல்ல. வயசான மனிசர் ஒராள். ஏழு வருசமாகுது. இது என்ட தையல்தான்." ஸவாஹிர் பொத்தான்களை ஒன்றுசேர்த்தார். "கல்லெல்லாம் எண்பத்திமூணு கலவரத்துல கட எரிஞ்சதோட போச்சாம். இனி மகன்ட வீட்டிலதான் இருக்கப்போறேன், மருமகள் தடவிப் பாப்பா, கைக்கு என்னமாவது தட்டுப்பட வேணும் எண்டாரு. வெள்ளவத்தையில ஆருக்கும் தெரியப்படாதெண்டுதான் அவரும் இவ்வளவு தூரம் வந்தாராம்."

நாச்சம்மை அதில் ஒரு பொத்தானை எடுத்து உருட்டிப் பார்த்தாள். இன்று அவள் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை, சிப்பாயிடம் சொன்ன பொய்தான். ஏழு வருடமாக, மாமா தூங்குகிறார் என்று நம்பி அந்த முதுகை அவள் தடவிய நேரமெல்லாம், கட்டிலில் ஒரு கண் பாதி திறந்திருந்திருக்கும். கோபப்பட முயன்று பார்த்தாள். சிரிப்புத்தான் வந்தது.

"இனிப் புதுசு தேவையில்லத்தானே." ஸவாஹிர் ஊசியில் நூல் கோத்தார். "பொத்தான எடுத்துட்டு, இத சும்மா மூடித் தாறேன். கொண்டு போங்க."

"வேணாம் நானா," என்றாள் மெல்ல. "ஏழும் அந்தந்த இடத்திலேயே இருக்கட்டும். சனிக்கிழமையிலிருந்து மச்சாள் தடவிப் பாப்பா."