கட்டுக்குள் லாடம்

"என்னால ஆவாது ஜெயராமா. வேற ஆளப் பாரு."

இண்டர்வெல் விசில் ஊதியதுமே ஃபுல் பேக் பால்சாமி மைதான ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"ஆளுக்கு எங்கடா போவேன்?" என்றான் காப்டன் ஜெயராமன். "நம்ம காலேஜ்ல ஃபுட்பாலுக்குப் பதினோரு பேரைச் சேக்கறதே பெரும்பாடு. தோமினிக் படுத்ததுல இருந்து லைப்ரரி கிளார்க்கு வேட்டிய மடிச்சிக் கட்டிக்கினு ஆடறாரு."

உண்மைதான். உலக யுத்த காலம் வேறு, தோல் சாமானெல்லாம் பட்டாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. செஞ்சி காலேஜ் பையன்களுக்கு பூட்ஸாவது ஒன்றாவது. கணுக்காலில் துணிக்கட்டு, அதற்குக் கீழே வெறுங்கால். வசதி உள்ளவன் போட்டுக்கொள்ளலாம், ரூல் தடுக்காது. பட்டணத்து காலேஜின் செண்டர் ஃபார்வர்டு தனசேகரன் போட்டுக்கொண்டு வருவான். மிராசுதார் மகன். அடியில் கட்டை அடித்த தோல் பூட்ஸ்.

சீசனின் முதல் மேட்சிலேயே அந்த பூட்ஸ் பட்டு தோமினிக்குக் கால் எலும்பு முறிந்தது. 'வெறுங்காலோட ஆடறவன் மேல பூட்ஸ் காலா, அவன்லாம் ஒரு மனுசனா' என்று செஞ்சி பஜாரே திட்டித் தீர்த்தது. இன்று சீசனின் கடைசி மேட்ச். அதே டீம், அதே பூட்ஸ்.

"மொத பாதியில உரசிக்கினே போனான், மயிரிழையில தப்பிச்சேன்" என்றான் பால்சாமி. "எங்க நைனாவும் உசுரோட இல்ல. எங்கூரு அனந்தபுரத்துல ஏர் புடிக்க என்ன விட்டா யாரு? இந்தக் கால் போச்சின்னா எங்கம்மா கஞ்சிக்கு இன்னா பண்ணும்?"

ஜெயராமன் சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு பையிலிருந்து ஒன்றை எடுத்தான். மாட்டுக்கு அடிக்கிற லாடம்.

"கட்டுக்குள்ள வெச்சிக்க."

"தப்புடா."

"அவன் பூட்ஸ் போடறது தப்பில்லியா? அவனுக்கு அது, ஒனக்கு இது. சரிக்குச் சரி."

அவனே துணியை அவிழ்த்து, லாடத்தை வைத்து இறுக்கிக் கட்டினான். பால்சாமி தடுக்கவில்லை. பயம் அவனைத் தடுக்க விடவில்லை.

மைதானத்தின் எதிர்ப்பக்கம் கைத்தடியோடு உட்கார்ந்திருந்தான் தோமினிக். அவன் முன்னால் தனசேகரன் குந்தி ஏதோ பேசிக்கொண்டிருந்தான்.

"பாத்தியா? கால ஒடச்சவனே வந்து நலம் விசாரிக்கிறான். எவ்ளோ நக்கலு" என்று பல்லைக் கடித்தான் ஜெயராமன்.

ராஜகிரிக் கோட்டை மலைமேல் கறுத்துக்கிடந்த மழை இறங்கிவிட்டது. ஆட்டம் மறுபடி தொடங்கியபோது மைதானம் நடவு வயலாகியிருந்தது. எல்லாருக்கும் முழங்கால் வரை சேறு. யார் கால் எது என்றே தெரியவில்லை.

பால்சாமி மாதாவே, மாதாவே என்று முணுமுணுத்தபடி நின்றான்.

தனசேகரன் பந்தோடு வந்தான். நேராக இவனை நோக்கித்தான்.

பால்சாமி கண்ணை இறுக மூடிக்கொண்டு காலை வீசினான்.

மளுக்கென்று ஒரு சத்தம். இரண்டு பேரும் சேற்றில் விழுந்தார்கள். பால்சாமி எழுந்துவிட்டான். தனசேகரன் எழவில்லை.

ஓடிவந்த ஜெயராமன் பால்சாமி காதில், "வாயத் தொறக்காத" என்றான்.

"மொதல்ல பூட்ஸைக் கழட்டுங்கப்பா, கால் வீங்குது" என்று சத்தம் போட்டார் ரெஃப்ரி.

ஜெயராமனே மண்டியிட்டுத் தனசேகரன் காலில் அப்பியிருந்த சேற்றை வழித்தான். வழித்த கை பாதியில் நின்றது. சேற்றுக்குள் தோல் இல்லை, கட்டை இல்லை. ஐந்து விரல்கள் இருந்தன.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தோமினிக் தடியூன்றி வந்தான். நாடாவில் கோத்த பூட்ஸ் அவன் கழுத்தில் தொங்கியது.

"இண்டர்வெல்லயே என்னாண்ட குடுத்துட்டுப் போனான்டா" என்றான். "மொதல்ல மூஞ்சத் திருப்பிக்கினேன். கெஞ்சி வாங்கிக்க வெச்சான்."

தனசேகரன் வலியோடு தலையைத் தூக்கி, பால்சாமியின் கட்டுப் போட்ட காலைப் பார்த்தான்.

"உனக்கு ஒண்ணும் அடிபடலையேப்பா? மொதப் பாதி முழுக்க பயந்துக்கிட்டே ஆடினே. அதான் கழட்டிட்டு வந்தேன்."