இரண்டாம் பாகம்

மடப்பள்ளி வாசலில் பூசணிக்காய்களை இறக்கி வைத்த கஜபதி, போகாமல் நிற்கிறான். தணிகை மலைமேல் வெயில் ஏறிவிட்டது. கூரைத் துவாரத்தின் வழியே விழும் ஒளியில் புகை நீலமாகச் சுழல்கிறது. உள்ளே ஸ்ரீகண்டன் உச்சிகாலப் பூசைக்குச் சோறு வடிக்கிறார். சாமிக்கு ஆகிற சோற்றில் மூச்சுப் படக்கூடாதென்று வாயில் துணி கட்டியிருக்கிறார், பேச முடியாது. கஜபதி பாதியில் விட்ட ஒரு மர்ம நாவலின் இரண்டாம் பாகத்தைப் படித்து முடித்தவர் அவர்தான். கஜபதி வீட்டில் முதல் பாகம் மட்டும்தான் இருக்கிறது. அதில் ஒரு மருமகள் குடிக்கிற பாலில் தினமும் யாரோ விஷம் கலக்கிறார்கள். “புருசன்காரன்தானே சாமி கலக்கறான்? அதைப் படிச்சதிலேர்ந்து எம் பொஞ்சாதி நான் போடற காப்பியைத் தொட மாட்டேங்கறா. என்னையே மொறைச்சுப் பாத்துகினு இருக்கா!” ஸ்ரீகண்டன் இல்லையென்று தலையாட்டுகிறார். “முருகா, தப்பிச்சேன்!” கஜபதி சும்மாட்டுத் துண்டை உதறி முகம் துடைக்கிறான், துடைத்த முகத்தில் பல்லெல்லாம் தெரிகிறது. “அப்போ மாமியாக்காரியா?” அதுவும் இல்லை. “பின்ன யாருதாங்க?” ஸ்ரீகண்டன் கொஞ்சம் தயங்குகிறார். பிறகு கரண்டிக் காம்பைத் திருப்பித் தம் மார்பையே தொட்டுக் காட்டுகிறார். “ஆங்? சமையக்காரனா!” கஜபதி சிரிக்கிற சிரிப்பில் மதில்மேல் குரங்கு ஒன்று தேங்காய் மூடியை நழுவவிட்டு ஓடுகிறது. ஸ்ரீகண்டன் காலைப் பூசையில் படைத்த பொங்கலை இலையில் வைத்து நீட்டுகிறார். நெய் மணக்கிறது. வாங்க நீண்ட கஜபதியின் கை பாதியில் நின்றுவிடுகிறது. ஸ்ரீகண்டனின் வாய்த்துணி சிரிப்பில் குலுங்குகிறது.