குடும்பத் தலைவர் பெயர்

1981 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பள்ளி டீச்சரான எனக்குச் சோழவந்தான் பக்கம் வேலை. அங்கே பெண்கள் கணவன் பெயரைச் சொல்வதில்லை. வீட்டுக்குள்ளிருந்து வேறு யாராவது சொல்வார்கள். எனக்கும் அது பழகிவிட்டது.

முத்துத்தாய் கதவைப் பூட்டிவிட்டு வெற்றிலைக் கொடிக்காலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"சொல்றது எதுவும் வெளியே போகாதும்மா. சட்டமே இருக்கு. குடும்பத் தலைவர் பேரு?"

அவர் தலைகுனிந்தார். உள்ளிருந்து ஓர் ஆண்குரல் "மலையாண்டி" என்றது. எழுதினேன்.

"வீட்டுல எத்தனை பேரு?"

"நான் ஒருத்திதான் டீச்சர். அவுக செத்து மூணு வருசமாச்சு."

நான் பூட்டைப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சட்டமிருக்குன்னீகளே. வெளிய சொல்லிராதீக. தெரிஞ்சா கோடாங்கியக் கூட்டியாந்து அவுகள வெரட்டிருவாக."